மறு: புகைத்திரட்டியும் அலுமினியத் தலையும் சேரும் இடம் – ‘தவழ்மூட்டு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குப் ‘புகைத்திரட்டி’ என்று சென்ற வாரம் முடிவு செய்தோம். சிலிண்டர்தோறும் வரும் புகையைத் திரட்டி ஒரே குழாயில் விடுவதால் அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. மேனிபோல்டின் நேர் மொழிபெயர்ப்பான ‘பன்மடி’யைக் கைவிட்டதில் எனக்கு முழு நிறைவு. அடுத்த சிக்கல், அந்தத் திரட்டி எஞ்சினின் மேல்பாகமான அலுமினியத் தலையோடு (சிலிண்டர் ஹெட்) சேரும் இடம். அங்கே புகை கசியாமல் காக்கும் அமைப்புக்கு மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. பழைய எஞ்சின்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கேஸ்கட்டுக்கு (கசியாமலிருக்க இரண்டு உலோகங்களுக்கு நடுவே வைக்கும் தகட்டுக்கு) ‘அடைப்புத்தகடு’ போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு பொருளில் புரியும். சாக்கடை அடைப்பு, மூக்கடைப்பு, இரத்தக் குழாய் அடைப்பு என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஓட்டம் நின்றுபோனதைத்தான் குறிக்கிறோம். புகை தாராளமாகப் போவதற்கென்று நடுவில் துளை போட்ட தகட்டுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டால், கரி படிந்து குழாய் உண்மையிலேயே மூடிக்கொள்ளும்போது எந்தச் சொல்லால் எழுதுவோம்?

> ‘வளிமுத்திரை’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் அரக்கில் குத்தும் முத்திரைக்கும் கசிவைத் தடுப்பதற்கும் ஒரே சொல்லை ஆளுவது ஆங்கிலத்தின் வழக்கம். தமிழில் முத்திரை என்பது அடையாளம். அதைப் படிக்கிற மாணவன் இரும்பில் பொறித்த குறியைத் தேடிக்கொண்டிருப்பான்.

> இரண்டு உலோகங்களை இறுக்கிச் சேர்ப்பதால் ‘ஒட்டுமூட்டு’.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இந்தச் சொல்லால்தான். இது கையைத் தவறான வேலைக்குக் கூட்டிச் செல்லும் சொல்.

என் தகப்பனார் ஒரு பிரீமியர் பத்மினி வைத்திருந்தார். ஃபியட் 1100 குடும்பத்துக் கார், 1089 சிசி எஞ்சின், அதற்கு வார்ப்பிரும்பு உடல், அலுமினியத் தலை. காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது பல்லி சொல்வது போல ‘டிச் டிச்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு தெரு தாண்டி எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். வால்வுச் சத்தம் என்று நினைத்து இடைவெளியைச் சரிசெய்தோம், போகவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, திரட்டியின் கடைசிப் புகைவாயின் ஓரத்தில், தலையின் வெளிர் உலோகத்தின் மேல், விசிறி விரித்தது போலக் கரி படிந்திருந்தது. முந்தைய ஆண்டு ஒரு பட்டறையில் அந்த இடத்தில் சிலிகான் பசையை அப்பி, நட்டுகளை வலுக்கொண்ட மட்டும் முறுக்கி அனுப்பியிருந்தார்கள். ஒட்டினால் கசியாது என்று நம்பிச் செய்த வேலை. கழற்றியபோது பசை பொடியாக உதிர்ந்தது. ஓரத்து ஸ்டட் (தலையில் பதித்து, மறுமுனையில் நட்டு மாட்டும் மரைத்தண்டு) தலைக்குள்ளேயே முறிந்து கிடந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டுத் திரட்டியைத் திரும்ப மாட்டப் போனால், ஓரத் துளைகள் ஸ்டட்டுகளுக்கு நேராக வரவில்லை. இரும்பு குட்டையாகியிருந்தது.

இரும்பு ஏன் குட்டையாகிறது என்பதில்தான் நாம் தேடும் சொல் இருக்கிறது.

ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.023 மி.மீ. நீள்கிறது. வார்ப்பிரும்பு அதில் பாதி, சுமார் 0.011 மி.மீ. இதை மட்டும் பார்த்தால் தலைதான் அதிகம் நீளும் என்று தோன்றும். சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. தண்ணீர் சுற்றிவரும் தலை, அறை வெப்பத்தைவிட 80 டிகிரி ஏறுவதாகக் கொள்வோம். புகை நேரே பாயும் திரட்டி எளிதாக 500 டிகிரி ஏறும். பாரம் இழுக்கும்போது இரவில் மங்கலாகச் சிவந்து தெரிவதும் உண்டு. 300 மி.மீ. நீளத்தில் தலை 0.55 மி.மீ. நீள்கிறது, திரட்டி 1.65 மி.மீ. நடுவை நிலையாகக் கொண்டால் ஒவ்வொரு ஓரத்திலும் இரும்பு அலுமினியத்தின் மேல் அரை மி.மீ.க்கு மேல் வெளியே போகிறது. எஞ்சின் ஆறியதும் அதே தூரம் உள்ளே திரும்புகிறது. வண்டியைக் கிளப்பி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது.

நீள விடாமல் இறுக்கிவிட்டால் சூட்டில் இளகிய இரும்பு தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது அந்த நசுங்கிய அளவிலிருந்து சுருங்குவதால் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் துளைகள் உள்ளே இழுபடுகின்றன, ஓரத்து ஸ்டட் முறிகிறது, சில வேளை திரட்டியே விரிசல் விடுகிறது. குளிரில் சத்தம் வந்து சூட்டில் அடங்குவதற்கும் காரணம் இந்த அசைவுதான். உலோகம் நீளும்போது சின்னச் சந்து மூடிக்கொள்கிறது.

பழைய வடிவமைப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. திரட்டியில் ஒரு துளையை மட்டும் சரியான அளவில் போட்டு மற்றவற்றைப் பெரிதாக விடுவது ஒரு வழி. 1948இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினுக்கும் அலுமினியத் தலைதான். ஆறு சிலிண்டருக்கு ஒரே நீள வார்ப்பாகப் போடாமல், மூன்று புகைவாய்க்கு ஒன்றாக இரண்டு திரட்டிகள் வைத்தார்கள். நீளம் பாதியானால் அசைவும் பாதியாகும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. தகடுகளும் இதற்கேற்ப வந்தவையே. முன்பு செம்புக்கு நடுவே கல்நார் வைத்தவை, இப்போது உருக்குத் தகட்டின் மேல் கிராபைட் பூசியவை. கிராபைட் சந்தை நிரப்புகிறது, அதே சமயம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளாமல் விடுகிறது. சிலிகானோ முந்நூற்றுச் சொச்சம் டிகிரியிலேயே உயிர் விட்டுவிடும்.

ஆக, நமக்கு வேண்டிய சொல் இரண்டு குணங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: விலகாமல் தொட்டிருத்தல், தொட்டபடியே நகர்தல்.

‘நழுவுமூட்டு’ முதலில் தோன்றியது. கையிலிருந்து நழுவியது என்றால் பிடி போய்விட்டது என்று பொருள், ஆகவே விட்டுவிட்டேன். ‘இழைமூட்டு’ என்று வைத்துப் பார்த்தேன். இழைதல் ஒன்றோடொன்று நெருங்கி உரசுவது, பொருள் கச்சிதம். ஆனால் கல்நார் இழை, கண்ணாடி இழை என்று நார்ப்பொருள்களை இதே துறையில் பேசுகிறோம். ‘ஊர்மூட்டு’ கண்ணில் பட்டதும் கிராமம் நினைவுக்கு வருகிறது.

பிறகுதான் ‘தவழ்’ கிடைத்தது. குழந்தை தவழ்கிறது, மலைமேல் முகில் தவழ்கிறது. இரண்டிலும் தரையைத் தொட்டபடியே நகர்வது நிகழ்கிறது. தொடர்பு விட்டால் அது தவழ்வதாகாது. பத்மினியின் திரட்டியைத் துடைத்துப் பார்த்தபோது கண்ட ஒரு காட்சியும் இந்தச் சொல்லோடு சேர்ந்துகொண்டது. நடுத்துளையைச் சுற்றி வாஷர் பதிந்த தடம் முழு வட்டமாக இருந்தது. ஓரத்துக்குப் போகப் போக அந்த வட்டத்தை ஒட்டி ஒரு பிறை, கரிய இரும்பில் வெள்ளி போல மினுங்கியது. பசை வைத்து இறுக்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த இரும்பு வாஷருக்கு அடியில் தவழ்ந்து போய்வந்த தடம் அது.

இலக்கணமும் இடம் கொடுக்கிறது. தவழ்மூட்டு வினைத்தொகை. தவழ்ந்த, தவழ்கிற, தவழும் மூட்டு என்று முக்காலமும் அதில் அடங்கும். நடுவில் வைக்கும் தகட்டுக்குத் ‘தவழ்தகடு’ எனலாம். சுடுசோறு, ஊறுகாய் போல வல்லினம் மிகாது, யாரும் ‘தவழ்த்தகடு’ என்று எழுத வேண்டாம். கேஸ்கட் அனைத்துக்கும் பொதுச்சொல்லாக ‘இடைத்தகடு’ இருக்கட்டும். எஞ்சின் உடலுக்கும் தலைக்கும் நடுவே வைப்பது வலுவாக இறுக்கப்படும் இடைத்தகடு, தவழ்தகடு ஆகாது. இந்த வேறுபாட்டை ஆங்கிலச் சொல் காட்டுவதில்லை, நம் சொல் காட்டும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்க வேண்டாம் என்று நாமே விதி வைத்திருக்கிறோம். ஆகவே கையேட்டு நடையில் ஒரு பத்தி:

“தவழ்மூட்டைப் பிரித்ததும் தலையின் முகத்திலும் திரட்டியின் முகத்திலும் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். திரட்டி வளைந்திருந்தால் முகத்தைச் சீவிச் சமன்செய்த பிறகே தவழ்தகட்டை வையுங்கள். அலுமினியத்தில் மரை தேய்ந்திருந்தால் உருக்குச் சுருள் பதித்து ஸ்டட்டை மாட்டுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, குறித்த முறுக்குவிசைக்கு மேல் போகாமல் முடுக்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி முழுக்க ஆறவிட்டு மறுபடி சரிபாருங்கள். தவழ்மூட்டில் பசை பூசக் கூடாது.”

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ‘ஒட்டுமூட்டில் பசை பூசக் கூடாது’ என்று எழுதியிருந்தால் எந்தப் பட்டறைப் பையன் நம்புவான்?

இன்னும் ஒன்று பாக்கி. மேலே ‘முகம்’ என்று எழுதியிருப்பது இரண்டு உலோகங்களும் தொடும் சமதளத்தை. பட்டறைகளில் ‘பேஸ்’ (face) என்கிறார்கள். எனக்கு ‘முகம்’ போதும் என்று படுகிறது, ஆனால் வார்ப்பு வேலையில் இருக்கும் நண்பர்கள் அச்சின் வெளிப்பக்கத்தையும் முகம் என்று சொல்வதாக முன்பு இங்கே எழுதியிருந்தார்கள். அவர்கள் கருத்து தெரிந்த பிறகு பட்டியலில் சேர்க்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்துப் பட்டறைகளில் இந்த மூட்டுக்கு ஏற்கெனவே ஒரு வழக்குச் சொல் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். வழக்கில் நல்ல சொல் ஒன்று இருக்குமானால் ‘தவழ்மூட்டை’ மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

அன்புடன்.