வீடு நிறையப் படைப்புக் கூட்டம், வளவில் உறுமும் கோம்பை நாய்: கட்டிப்போடுவதா, பழக்குவதா, அனுப்பிவிடுவதா?

கானாடுகாத்தான் வளவு (கேள்வி கேட்டவர்)

எங்கள் வீட்டில் இரண்டரை வயது ஆண் கோம்பை நாய் இருக்கிறது. குட்டியாக வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருக்கும் அண்ணன் ஒருவர் கையால்தான் வளர்ந்தது. சில மாதங்களாக அதன் போக்கு மாறியிருக்கிறது. சோற்றுத் தட்டருகே யார் போனாலும் உறுமுகிறது. போன வாரம் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கூடத்தில்) படுத்திருந்ததைத் தாண்டி ஓடிய தங்கை மகனின் கையைக் கவ்வி விட்டது. தோல் கிழிந்து லேசாக இரத்தம் கசிந்தது. அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டோம். அடுத்த மாதம் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள். பங்காளிகள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். சங்கிலி போதும் என்கிறார் அப்பச்சி. எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார் அப்பத்தா. எனக்கு இரண்டிலும் மனமில்லை.

புதுவயல் பெரியவர்

தம்பி, கோம்பை காவலுக்கென்றே பிறந்த சாதி. தேக்குக் கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கிற வீட்டை ஒற்றை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு நாம் வெளியூரில் நிம்மதியாகத் தூங்குவது இந்த நாய்களை நம்பித்தான். ஆனால் வீட்டுப் பிள்ளைமேல் பல் வைத்தால் பொறுக்கக் கூடாது. உறுமிய இடத்திலேயே கழுத்தைப் பிடித்துத் தரையோடு அமுக்குங்கள். அடங்கும்வரை கையை எடுக்காதீர்கள். சோற்றுத் தட்டையும் எடுத்துவிடுங்கள். யார் எசமான் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். எங்கள் ஐயா காலத்திலிருந்து இப்படித்தான் வளர்த்தோம்.

காரைக்குடி பழக்குநர்

ஐயா, உங்கள் அனுபவத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தத் தம்பி அதைச் செய்துபார்த்தால் அடுத்த கடி அவர் முகத்தில் விழும். அமுக்கும்போது முகம் அங்கேதான் இருக்கும். அடித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். பிறகு அந்த நாய் சத்தமே இல்லாமல் கடிக்கும். “திடீரென்று கடித்துவிட்டது, ஒரு அறிகுறியும் இல்லை” என்று வருகிறவர்களை உட்கார்த்தி விசாரித்தால், உறுமியதற்காகக் குட்டியிலேயே உதை வாங்கிய நாயாகவே பெரும்பாலும் இருக்கிறது.

எசமான் பேச்சுக்கு மூலம், ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் அடைப்பில் வைத்த ஓநாய்களைப் பார்த்து, கூட்டத்தில் மற்றவற்றை அடக்குவதே தலைமை தாங்கும் என்ற பொருளில் 1947-இல் எழுதியது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக் 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம். ஓநாய்க்கே பொருந்தாததைக் கோம்பையின்மேல் ஏற்றுவானேன்?

2009-இல் வெளியான ஆய்வொன்றில், பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறுக்காக வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் பதிலுக்குச் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 31 விழுக்காடு.

புதுவயல் பெரியவர்

மருத்துவமனைக்கு நாயை அழைத்துப் போனவர்களிடம் கேட்டால் வேறென்ன கிடைக்கும்? அவை ஏற்கெனவே கெட்டுப்போன நாய்கள். அடக்கமாக வளர்ந்த நாயை எவன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறான்? அந்தக் கணக்கில் என் வீட்டு நாய்கள் வரவே இல்லை.

காரைக்குடி பழக்குநர்

சரியான கேள்வி. எல்லா நாய்க்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்று நானும் வாதிட மாட்டேன். ஆனால் இங்கே பேச்சு, பிள்ளை கையில் பல் பதித்துவிட்ட நாயைப் பற்றியது. மருத்துவமனைக்கு வந்தவையும் அந்த மாதிரி நாய்கள்தான். ஆகவே இந்த நாய்க்குத்தான் அந்தக் கணக்கு மிகவும் பொருந்துகிறது.

பள்ளத்தூர் ஆச்சி

நீங்கள் இருவரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பிள்ளைகளைப் பெற்றவள். படைப்பன்று பெண்கள் எல்லாரும் சமையலிலும் பூசையிலும் இருப்போம். சின்னப் பிள்ளை வீட்டின் எந்தக் கட்டில், அதாவது எந்தப் பகுதியில், ஓடுகிறது என்று ஒருவர் கண்ணும் தொடர்ந்து பார்க்காது. அந்த உயரத்துக்கு நாயின் வாய் சரியாகப் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். பழக்க மாதக்கணக்காகும், படைப்போ அடுத்த மாதம். வாயில்லாச் சீவன் என்ற இரக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் அதற்குள் நாயை வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

திருப்பத்தூர் கால்நடை மருத்துவர்

அனுப்புவதைப் பற்றிப் பேசும் முன் சில காரியங்கள் இருக்கின்றன. நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்கிறதா? போட்டிருந்தாலும், கடித்த நாளிலிருந்து 10 நாள் அதைக் கண்முன் வைத்திருக்க வேண்டும். கடித்தபோதே நோய் பரப்பும் நிலையில் இருந்த நாய் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இப்போது அதை எங்கும் அனுப்பக் கூடாது. இரத்தம் வந்த காயம் என்பதால் பையனுக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் எதிர்ப்புப் புரத ஊசி) காயத்தில் போட்டார்களா என்று இன்றே கேட்டு உறுதிசெய்யுங்கள். தோலில் போடும் முறையென்றால் முதல் நாள், 3, 7, 28 என்ற கணக்கில் ஒன்றும் விடுபடக் கூடாது. வீட்டு நாய்தானே என்று மஞ்சளை அப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. முதலில் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

அடுத்தது வலி. சாதுவாக இருந்த நாய் குணம் மாறினால் நான் முதலில் காதையும் பல்லையும் இடுப்பையும் பார்ப்பேன். உங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல்தானே? தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாகியிருக்கும். அதில் நாய் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். திரும்பும்போது பின்னங்கால் விலகுகிறதா? எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றிக் கொஞ்சம் நின்றுவிட்டு எழுகிறதா? நடுவளவை விட்டு ஓரத்தோடு போகிறதா? இடுப்பிலோ முட்டியிலோ வலி இருக்கிற நாய், படுத்த இடத்தில் ஒருவர் தாண்டினாலே மிதித்துவிடுவார்களோ என்று பயந்து கவ்வும். நீங்கள் எழுதிய சம்பவம் எனக்கு அப்படித்தான் படுகிறது. எக்ஸ்ரே எடுக்க ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

கானாடுகாத்தான் வளவு

தடுப்பூசி அட்டை இருக்கிறது, தவறாமல் போட்டிருக்கிறோம். பையனுக்குக் காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போது போய்ப் பார்த்தேன். வெயில் விழும் முற்றத்தில் சாதாரணமாக நடக்கிறது. கல் தரையில் ஏறியதும் நகங்களை ஊன்றி, முதுகைக் கூனி, சுவரை ஒட்டியே போகிறது. வலப் பின்னங்காலைத் தொடப் போனால் தலையைத் திருப்பி என் கையைப் பார்க்கிறது.

திருப்பத்தூர் கால்நடை மருத்துவர்

தொடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தபிறகு பேசலாம். அதுவரை அது போகும் வழியில் சணல் சாக்கு விரித்துவையுங்கள்.

புதுவயல் பெரியவர்

வலி இருந்தால் வைத்தியம் பாருங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நோயாளி நாயை அமுக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் சோற்றுத் தட்டில் உறுமுவதற்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? அது திமிர். சங்கிலியில் போடுங்கள்.

காரைக்குடி பழக்குநர்

வலி இருக்கும் நாய் தட்டருகேயும் பொறுமை இழக்கும் ஐயா. அதைத் தவிர, பிடுங்கப் பிடுங்கத்தான் தட்டைக் காக்கும் குணம் வளர்கிறது. தட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் நாய் நிம்மதியாகச் சாப்பிடுகிறதோ அங்கே நில்லுங்கள். எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றை வீசிவிட்டு நடந்துவிடுங்கள். ஆள் வந்தால் சோறு போகும் என்று நினைத்த நாய், ஆள் வந்தால் கறி வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கும். பிறகு அரையடி அரையடியாக நெருங்கலாம். மெல்லுவதை நிறுத்துகிறதா, கழுத்து விறைக்கிறதா, தலையைத் தூக்காமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். இது பெரியவர்கள் செய்யும் வேலை, பிள்ளைகளை இதில் சேர்க்கவே கூடாது.

சங்கிலி விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். மூன்று முதல் பதினான்கு வாரம் வரையான வயதில்தான் நாய்க்குட்டி மனிதக் கூட்டத்துக்குப் பழகுகிறது. இந்தக் குட்டி அந்த வயதில் பூட்டிய வீட்டில் ஒரே ஒரு மனிதரைப் பார்த்தது. அதை முகப்பில் கட்டிவைத்து, எதிரே மேளமும் நாயனமும் முழங்க, அறுபது பேரை நடமாடவிட்டால் ஓடவும் வழியில்லாமல் பல்லைத்தான் காட்டும். எப்போதும் கட்டிவைத்து நடக்கவிடாமல் வளர்ப்பதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் கொடுமை என்றுதான் சொல்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி

அப்படியானால் அறுபது பேருக்கு நடுவில் என்னதான் செய்யப் போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

காரைக்குடி பழக்குநர்

உங்கள் கேள்வி நியாயம் ஆச்சி. படைப்புக்குள் நாயைத் திருத்த முடியாது. அன்றைக்கு நாயும் பிள்ளையும் ஒரே கட்டில் இருக்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு. நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. மூன்றாங்கட்டைப் பூட்டி நாயை அங்கே வைத்தால் இடையில் இரண்டு கதவு நிற்கும். பின்வாசல் வழியாகவே நடக்கவிட்டுக் கூட்டிவரலாம். வாய்திறந்து மூச்சுவாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமிருக்கிற கூடை வாய்ப்பூட்டு ஒன்றை இன்றே வாங்கி, அதற்குள் கறி வைத்துக் கொடுத்துப் பழக்குங்கள். வெளியே போகும்போது மட்டும் போதும்.

எங்காவது விடுவதென்றால், அடுத்த ஊர்ப் பிள்ளையின் தலையில் இதைக் கட்டுவதாகும். பசியில் வாடும்படி நாயைக் கைவிடுவதும் அதே சட்டப்படி குற்றம். வீட்டில் வைத்துக்கொண்டு அசட்டையாக இருந்தாலும் தப்ப முடியாது. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

புதுவயல் பெரியவர்

காவல் நாய்க்கு வாய்ப்பூட்டு என்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. மூன்றாங்கட்டில் பூட்டிவைப்பது சரியான யோசனை.

பள்ளத்தூர் ஆச்சி

கதவு என்றால் யாராவது திறப்பார்கள். அந்தச் சாவி யார் மடியில் இருக்கும் என்று எழுதினால்தான் என் பிள்ளைகளை அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்புவேன்.

கானாடுகாத்தான் வளவு

சாவி காவல் அண்ணனிடம் இருக்கும். அன்று அவருக்கு வேறு வேலை கிடையாது, பந்திக்கும் கூப்பிட மாட்டோம், சாப்பாடு மூன்றாங்கட்டுக்கே போகும். இரண்டாங்கட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ் இல்லை, நாளை ஆசாரி வருகிறார். ஒரத்தநாட்டுக்குத் திங்கட்கிழமை போகிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதினால் உதவியாக இருக்கும்.

திருப்பத்தூர் கால்நடை மருத்துவர்

காது, பல், இரத்தத்தில் தைராய்டு அளவு. போகும்போது வாய்ப்பூட்டை மறக்காதீர்கள், அங்கே காலை நீட்டிப் பிடிப்பார்கள்.