புதுப்பிப்பு: கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு ஏன் ஏறவில்லை?

போன மாதம் கேட்டிருந்தேன்: கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட நான் உள்துறைமுக வீதியில் மூச்சு வாங்கச் சக்கர நாற்காலி தள்ளியும் துடிப்பு 115ஐத் தாண்டவில்லையே, இதயத்துக்கு இது போதுமா என்று.

பிசியோ அக்கா விளக்கினார். இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் மேல்முதுகில் கிளம்புகின்றன; காயம் அதற்கு மேலே என்றால் மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராது. கடிகாரத்தில் பிழையில்லை (வீணாகத் திட்டிவிட்டேன்). பேச முடியும், பாட முடியாது என்ற அளவு மூச்சுதான் கணக்கு.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான 2018 சர்வதேச உடற்பயிற்சி வழிகாட்டல்படி, இதய நலனுக்கு வாரம் 3 தடவை, தடவைக்குக் குறைந்தது 30 நிமிடம். நான் இன்னும் 20இல்தான் நிற்கிறேன்.

அப்புறம், காயத்தால் சரியாக வியர்க்காத உடம்புக்குத் திருகோணமலை வெயில் ஆகாது. விடியவே போகிறேன், தண்ணீர் தெளிப்பானோடு. திடீரென்று தலை இடியாய் வலித்து முகம் சிவந்தால், அது இரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறியாக இருக்கலாம்; நிறுத்தி, நிமிர்ந்து இருந்து, முதலில் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.