ஆடிப்பெருக்கும் பொங்கலும் நடுவில் 24 வாரமும்: கருக்கலைப்புச் சட்டம் நம்ம பக்கம் எப்படி நடக்கிறது?

கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு), மன்னார்குடி பக்கம்

"எத்தனை மாசம்?" என்று கேட்டால் சரியான பதில் வராது. "கடைசியா என்னைக்குத் தலைக்குக் குளிச்சே?" என்று கேட்கணும். அதுக்கும் தேதி வராது. மேட்டூர் தண்ணி வந்த வாரம், குறுவைக் களையெடுப்பு நடந்தப்ப, ஆடிப்பெருக்கு அன்னைக்கு, வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு மறுநாள் என்றுதான் வரும். இதில் ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3. கொடியேத்தம் ஆகஸ்ட் 29. இரண்டும் நம்பலாம். நாகூர் கந்தூரி, தீபாவளி எல்லாம் வருஷா வருஷம் நகரும். காலண்டரைப் புரட்டாமல் எழுதக்கூடாது. மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம்தான், தண்ணி இல்லாத வருஷம் அதுவும் மாறும்.

ஆகஸ்ட் 3-ஐ முதல் நாளாக வைத்துப் பாருங்க. மாத்திரைக்குக் கெடுவான 9 வாரம் முடிவது அக்டோபர் 5. கையால் உறிஞ்சி எடுக்கும் முறைக்குக் கெடுவான 12 வாரம் அக்டோபர் 26. ஒரு மருத்துவர் கருத்து போதும் என்கிற 20 வாரம் டிசம்பர் 21. இரண்டு மருத்துவர் கருத்தோடு கலைக்கக்கூடிய 24 வாரம் ஜனவரி 18. "பொங்கல் கழியட்டும், பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வாங்க. பொங்கலன்னைக்கே 23 வாரம் 3 அல்லது 4 நாள் ஓடியிருக்கும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் முடிந்து பஸ் ஏறுவதற்குள் கெடு வாசலில் நிற்கும்.

இன்னொரு குழி: ஊரில் மாதத்தை நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவாங்க. மருத்துவக் கணக்கு கடைசித் தீட்டின் முதல் நாளிலிருந்து. "தள்ளிப்போய் ரெண்டு மாசம்" என்றால் உண்மையில் 12, 13 வாரம். மாத்திரைக் கெடு தாண்டியாச்சு. 5 மாசம் என்றால் 20 வாரம் என்பதும் தப்பு. அதே ஆகஸ்ட் 3-லிருந்து ஜனவரி 3 வரைக்கும் 21 வாரம் 6 நாள்.

கர்ப்பிணிக்குக் கொடுக்கும் ஆர்.சி.எச். எண் போட்டாச்சு, அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் ஏறியாச்சு, இனி கலைக்க முடியாது என்ற பயம் ஊருக்கு ஊர் இருக்கு. அந்தப் பதிவு தாய்சேய் கண்காணிப்புக்கும், முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும், பிறப்புச் சான்றுக்கும்தான். கருக்கலைப்புச் சட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. முடிந்த பிறகு செவிலியரிடம் தகவல் சொல்லி வரியை முடிக்கச் சொல்லணும். இல்லைன்னா "தடுப்பூசிக்கு ஏன் வரல"ன்னு மாசாமாசம் போன் வரும், அதை மாமியார் எடுப்பாங்க.

மருந்துக்கடை, கும்பகோணம்

செவிலியர் அக்கா சொன்ன கணக்கில் மூணு வாரம் எங்கள் கவுண்டரிலேயே தொலைகிறது. "நாள் வர்றதுக்கு மாத்திரை கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்கப்படுவது நார்எதிஸ்டெரோன் 5 மி.கி. அஞ்சு நாள் சாப்பிட்டு, நிறுத்தி, ஒரு வாரம் காத்திருந்து, வராமல் போய், இன்னொரு கடையில் இன்னொரு தடவை. கரு இருந்தால் அந்த மாத்திரையால் தீட்டு வராது. அதற்கு முன்னால் ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை, காலை முதல் சிறுநீரில் 3 சொட்டு. அவ்வளவுதான். பப்பாளி, எள்ளும் வெல்லமும் இதே வகை. அதன் ஒரே பலன் நாள் கடத்துவது.

72 மணி நேர மாத்திரை, அதாவது லீவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., கரு உண்டாகாமல் தடுக்கப் பார்ப்பது. அது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. உண்டான கருவை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து இரண்டையுமே அலமாரியில் வைக்காத கடைகள் தமிழ்நாட்டில் நிறைய.

கருக்கலைப்பு 'கிட்' என்பது மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. 1 மாத்திரை, மிசோப்ராஸ்டால் 200 மைக்ரோகிராம் 4 மாத்திரை. 2008 டிசம்பரில் இந்தியாவில் ஒரே அட்டையாக அனுமதி கிடைத்தது. ஷெட்யூல் எச், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சோதனைக்கு வரும் அதிகாரி பில் புத்தகத்தைப் புரட்டுவார் என்ற பயத்தில் சீட்டோடு வருபவரையும் "ஸ்டாக் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். சட்டம் கேட்பது சீட்டும் பில்லும். இருப்பு வைக்காதே என்று எந்த விதியும் சொல்லவில்லை. சீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பினால், சீட்டே கேட்காமல் நாலு மடங்கு விலைக்கு ஒருவர் கொடுப்பார். எப்படிச் சாப்பிடுவது என்று அவர் சொல்லமாட்டார்.

மகப்பேறு மருத்துவர்

அப்படி வாங்கியவர்கள் எங்களிடம் வந்து சேர்வது மூன்று விதம். 5 மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கியவர். 12 வாரம் தாண்டிச் சாப்பிட்டு, பாதி வெளிவந்து பாதி தங்கிப்போனவர். கருக்குழாயில் கரு இருப்பது தெரியாமல் சாப்பிட்டவர். கடைசி வகைதான் உயிருக்கு ஆபத்து. மாத்திரை கருப்பையில் உள்ளதைத்தான் வெளியேற்றும். குழாயில் உள்ளது வளர்ந்துகொண்டே போய் வெடிக்கும். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்றால் இரத்தப்போக்கு குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

முறை இப்படி: முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன். 36 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ராஸ்டால். அதன் பிறகு 4 முதல் 6 மணி நேரம் போக்கு அதிகமாக இருக்கும், பிறகு 9 முதல் 14 நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக. 15-ஆம் நாள் வந்து காட்டவேண்டும். கெட்டியான நாப்கின் மணிக்கு 2 வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தால் காத்திருக்கக் கூடாது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களில் ரத்தசோகை சாதாரணம். ஹீமோகுளோபின் பார்க்காமல் மாத்திரை எழுதுவது சரியில்லை. காப்பர்-டி உள்ளே இருந்தால் முதலில் எடுக்கவேண்டும். ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்.

12 வாரம் வரை கையால் உறிஞ்சும் முறை, எம்.வி.ஏ. 60 மி.லி. சிரிஞ்சு, 4 முதல் 12 மி.மீ. வரை குழல்கள். 8 வாரம் என்றால் ஏறத்தாழ 8 மி.மீ. குழல். எடுத்ததைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் விட்டு விளக்குக்கு மேல் தூக்கிப் பார்த்தால், பஞ்சு இழை போல மிதப்பதுதான் கருவின் திசு. அது தெரியவில்லை என்றால் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கரு குழாயில் இருக்கலாம். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது, இருந்தும் தவறவிடுகிறார்கள். சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி-யை உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்று சொல்லி எவ்வளவோ காலமாகிறது. இன்னும் "கழுவிவிடுறது" என்ற பெயரில் நடக்கிறது.

கையெழுத்து விஷயம். 18 வயது நிறைந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்குச் சட்டம் கேட்பது அவளுடைய கையெழுத்து ஒன்றுதான், படிவம் 'சி'-யில். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், வந்த பிறகு வாருங்கள் என்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. ஆஸ்பத்திரிகள் கேட்பதற்குக் காரணம், பொது அறுவை சிகிச்சை ஒப்புதல் தாளில் "உடன் இருப்பவர்" என்று ஒரு வரி இருப்பதுதான். அதில் அக்கா, தங்கை, தோழி யாரும் போடலாம். "குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாத்தான் கலைப்போம்" என்பதும் இதே ரகம். கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது கடமை, நிபந்தனையாக வைப்பது தவறு.

உள்ளதைச் சொன்னால், 1971 சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்க எழுதப்பட்டதே இல்லை. அதன் 3-ஆவது பிரிவு தொடங்குவதே இன்ன நிலையில் கலைத்தால் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான். 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 20-லிருந்து 24 வரை இரண்டு மருத்துவர், அதற்கு மேல் கருவில் கடுமையான குறை இருந்தால் மருத்துவ வாரியம். எல்லாமே எங்கள் கருத்து. "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொல்வது மட்டும் எந்த வாரத்திலும் போதாது. 2021 திருத்தத்தில் "கணவர்" என்ற சொல் "துணைவர்" ஆனது, கருத்தடை தோற்றது என்ற காரணம் மணமாகாதவருக்கும் கிடைத்தது. பெரிய மாற்றம்தான், ஆனாலும் சாவி இன்னும் எங்கள் மேசையில்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

டாக்டரம்மா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவுடன் கலைக்கலாம் என்று திறந்துவிட்டால் பெண் குழந்தை என்று தெரிந்து கலைப்பவர்களுக்குத்தானே வழி?

ஸ்கேன் மையம், மயிலாடுதுறை

ஐயா, அதற்கு வேறு சட்டம் இருக்கிறது, 1994-ஆம் வருஷத்தது. பாலினம் பார்ப்பதும் சொல்வதும்தான் அங்கே குற்றம். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் எழுதி 2 வருஷம் வைத்திருக்கிறோம். ஸ்கேனில் 12 வாரத்துக்குள் பாலினத்தை நம்பிச் சொல்லமுடியாது. ஆகவே 8 வாரத்தில் வருகிற பெண்ணைச் சந்தேகப்பட்டு, "எதுக்கும்மா கலைக்கிறே" என்று அலைக்கழித்தால் அவள் 14 வாரத்தில் வந்து நிற்பாள். சந்தேகத்தால் சந்தேகத்துக்குரிய வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். 'எஃப்' படிவத்தின் காரணப் பட்டியலில் கருவின் வயதைக் கணிப்பது என்று தனி வரியே இருக்கிறது. கலைக்கப் போகிறவருக்கு ஸ்கேன் எடுக்கமாட்டோம் என்று சொல்ல இடமில்லை.

வயதுக் கணக்கில் ஒன்று. முதல் 3 மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் கெட்டியான ஆதாரம். 7 மாதத்தில் முதல் தடவையாக எடுத்தால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும். இரண்டு மையத்தின் ரிப்போர்ட் முரண்பட்டால் முந்தையதை நம்புங்கள். கருவில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுங்கள். 22-இல் எடுத்து, குறை தெரிந்து, தஞ்சாவூருக்கு இரண்டாவது கருத்துக்குப் போய் வருவதற்குள் 24 ஆகிவிடும்.

வழக்கறிஞர், தஞ்சாவூர்

24 வாரத்துக்குள் உள்ளவர்களை "கோர்ட் ஆர்டர் கொண்டுவா" என்று அனுப்புவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது ஆகாதவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், மாற்றுத்திறனாளி, மனநலப் பாதிப்புள்ளவர், கருவில் குறை, பேரிடர் காலம் — இவை 20–24 வாரத்துக்கான வகைகள். 29.9.2022 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாதவரையும் இதிலிருந்து விலக்கக்கூடாது என்றது. கணவன் வற்புறுத்தி உறவு கொண்டதும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு வன்புணர்வே என்றது. எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, குடும்பத்தார் சம்மதம் கேட்காதே என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும், போக்சோ 19-ஆவது பிரிவுப்படி மருத்துவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் சிறுமியோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்லவேண்டாம் என்று அதே தீர்ப்பு விலக்கு தருகிறது. இது தெரியாததால்தான் பள்ளிப் பிள்ளைகள் அரசு ஆஸ்பத்திரியைத் தவிர்த்துவிட்டு, சான்றிதழ் இல்லாத அறைக்குப் போகிறார்கள். வழக்கு உள்ள கேஸில் எடுத்த திசுவை ஃபார்மலினில் போடாதீர்கள். டி.என்.ஏ. கெட்டுவிடும், வழக்கும் கூடவே கெடும். குளிரூட்டி, முத்திரை வைத்து, கைமாற்றத்தைக் கையெழுத்தோடு எழுதி அனுப்பவேண்டும்.

24 தாண்டினால் வாரியம். விண்ணப்பம் கொடுத்து 3 நாளில் கருத்து, கருத்து சாதகமானால் விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து 5 நாளுக்குள் முடிக்கவேண்டும். விண்ணப்பத்துக்குத் தேதி போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இங்கேதான் டெல்டாவின் கோளாறு: தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் போகவேண்டியது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் போகவேண்டியது சென்னை. கும்பகோணத்துக்காரரும் பக்கத்திலேயே இருக்கிற குடவாசல்காரரும் எதிரெதிர்த் திசையில் பஸ் ஏறவேண்டும். தவறான இடத்தில் தாக்கல் செய்தால் இரண்டு மூன்று நாள் போச்சு. ஸ்கேன் ரிப்போர்ட்கள் தேதி வரிசையில், வாரியத்தின் 'டி' படிவ நகல், விண்ணப்ப ரசீது, இவற்றை முதல் நாளே தயாராக வையுங்கள். வக்கீல் கட்டணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது, 15100-க்கு போன் போடலாம்.

வாரியம், கோர்ட் என்று போனால் கிடைத்தே தீரும் என்று யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள். 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான, 26 வாரம் தாண்டிய ஒரு பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றமே மறுத்தது. முதலில் அனுமதித்து, பிறகு திரும்பப் பெற்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் வாரக்கணக்கே கிடையாது, கருக்கலைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு.

சட்டத்துக்கு வெளியே நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 88-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312. இதில் தனக்குத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியாகலாம். இந்தப் பயத்தால்தான் மாத்திரை சாப்பிட்டு ரத்தம் போகிறவர்கள் "தானா கலைஞ்சது" என்று சொல்லி உண்மையை மறைக்கிறார்கள். கலைத்துக்கொண்ட பெண்ணின் விவரத்தை வெளியே விட்டால் கருக்கலைப்புச் சட்டத்தின் 5-ஏ பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை, அது மருத்துவருக்கு. நோயாளியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பதே சட்டம்.

கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு), மன்னார்குடி பக்கம்

வக்கீல் தம்பி சொன்னதோடு ரெண்டு விஷயம். முடிந்து ஒரு வாரத்தில் அட்டையில் சோதித்து, ரெண்டு கோடு பார்த்து அலறி மறுபடி மாத்திரை வாங்குறவங்க உண்டு. ஹார்மோன் இறங்க 4 வாரம் வரை ஆகும், அதுவரை அட்டை ரெண்டு கோடுதான் காட்டும். 15-ஆம் நாள் டாக்டரைப் பார்த்தாலே போதும். ரெண்டாவது, அடுத்த தீட்டு வருவதற்கு முன்னாலேயே கரு தங்கலாம், ரெண்டே வாரத்தில். அந்தரா என்ற கருத்தடை ஊசியை அன்னைக்கே போடலாம், 3 மாசத்துக்கு ஒண்ணு. சாயா என்ற கருத்தடை மாத்திரை வேண்டும்னா முதல் 3 மாசம் வாரத்துக்கு 2, அப்புறம் வாரத்துக்கு 1. மாத்திரை அட்டையின் பின்னால் கிழமையை எழுதிக் கொடுங்க. முதல் மாத்திரை புதன்னா ரெண்டாவது சனி.