புதுப்பிப்பு: முப்பந்தல் கிராலர் கிரேனின் பூம் நிமிர்ந்தது

காற்றாலைப் பணிக்காக முப்பந்தலில் பாகம் பாகமாகப் பூட்டப்பட்டுவந்த கிராலர் கிரேனின் (சங்கிலித் தடங்களில் நகரும் பாரந்தூக்கியின்) பூம், அதாவது அதன் நீண்ட கை, எப்போது நிமிர்த்தப்படும் என்ற என் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கிரேன் கவிழாமலிருக்கப் பின்புறம் வைக்கும் எதிர் எடைக் கட்டிகள் முழுவதும் அடுக்கப்பட்டபின், காற்று அடங்கிய விடியற்காலையில் செல்லுமாறு ஒருவர் கூறிய யோசனையே பலித்தது.

அதற்கு முன்பே துணைக் கிரேன் இருபுறச் சங்கிலித் தடங்களையும் உடற்பகுதியில் பொருத்தி, பூமின் பின்னல் எஃகுத் துண்டுகளைத் தரையில் நீளவாக்கில் கிடத்த, பணியாளர்கள் அவற்றைப் பெரிய முளைகளால் ஒன்றோடொன்று இணைத்திருந்தனர். நிமிர்த்தும்போதோ பெரிய கிரேன் தன் வின்ச்சால் (வடம் சுற்றும் உருளையால்) வடத்தை இழுத்துத் தன் கையைத் தானே மெல்லத் தூக்கிக்கொண்டது. காற்றுமானியையும் சிவப்பு விளக்கையும் பூமின் நுனி தரையில் கிடக்கும்போதே பொருத்திவிட்டதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கச் செல்வோர் வேலிக்கு வெளியே பக்கவாட்டில் நிற்பது நல்லது. நேர் எதிரே நின்றால் அது உயர்வதே சரியாகப் புலப்படாது.