இரவில் ஸ்கிரிப்ட் வால்யூம் உருவாக்குவதில்லை, காலையில் கையால் ஓட்டினால் உருவாகிறது. அவசரம்

வெள்ளவத்தை_எடிட்டர் | செவ்வாய், மு.ப. 9.12
வணக்கம். திருமண வீடியோ ஸ்டூடியோ ஒன்றின் சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு திருமணத்துக்கும் தனி வால்யூம் (டிஸ்க்கில் ஒதுக்கிய தனிப் பகுதி) உருவாக்க ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) எழுதி வைத்திருக்கிறேன். மாதக்கணக்காக ஒழுங்காக ஓடியது. இப்போது சில இரவுகளில் வால்யூம் உருவாவதில்லை. அதையே காலையில் கையால் ஓட்டினால் உடனே உருவாகிறது. நான் எதையும் மாற்றவில்லை. போதாததற்கு இன்று காலையிலிருந்து இடமில்லை என்று வேறு சொல்கிறது. இன்று மாலை இரண்டு கல்யாணங்களின் காட்சிகள் வந்து சேரும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_குமிழ் | மு.ப. 9.20
எந்த இயங்குதளம்? வால்யூம்களை உருவாக்குவது எது, எல்விஎம்மா, இசட்எஃப்எஸ்ஸா, வேறு ஏதாவதா? பிழைச் செய்தி என்ன? இரவில் அதை ஓட்டுவது யார், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானா? எந்த டிஸ்க்கில் இடமில்லை? எனக்குச் சோதிடம் பார்க்கத் தெரியாது.

யுபிஎஸ்_அண்ணா | மு.ப. 9.31
தம்பி, மின்சாரத்தைப் பாருங்கள். "சில இரவுகளில்" என்று சொன்னாலே அதுதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தில் எத்தனை டிஸ்க்குகள் செத்தன என்று பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கவில்லையா? யுபிஎஸ் பற்றரி மாற்றி எவ்வளவு காலம்?

பாதை_தெரியுது_பார் | மு.ப. 9.40
கையால் ஓடும், கிரானில் ஓடாது என்றால் நூற்றுக்கு நூறு பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) பிரச்சினை. ரூட் (நிர்வாகி) பயனரின் கிரான்டாபில் (கிரானின் வேலைப் பட்டியலில்) பாத் என்பது /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும்தான். வால்யூமை உருவாக்கும் எல்விகிரியேட் கட்டளை இருப்பதோ /யூஎஸ்ஆர்/எஸ்பின்னில். முழுப் பாதையையும் எழுதுங்கள், சரியாகிவிடும்.

பழைய_யூனிக்ஸ் | மு.ப. 9.58
இதே கேள்வி இங்கே வேறு வேறு உடுப்பில் வந்துகொண்டே இருக்கிறது. 1998இல் ஹைன்ஸ் மவெல்ஸ்ஹாகன், எச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்ததைப் பார்த்து லினக்ஸுக்கு எல்விஎம்மை எழுதினார். கையேடும் நீண்டகாலமாக இருக்கிறது. இக்காலத்துப் பிள்ளைகள் அதைத் திறப்பதற்கு முன் இழையைத் திறக்கிறார்கள்.

வெள்ளவத்தை_எடிட்டர் | மு.ப. 10.15
உபுண்டு 22.04. எல்விஎம். கிரான். முழுப் பாதையும் ஏற்கெனவே இருக்கிறது. யுபிஎஸ் புதியது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை.

கொட்டாஞ்சேனை_குமிழ் | மு.ப. 10.18
வருவதில்லையா, அல்லது கிரான் வரியின் கடைசியில் வரும் செய்திகள் எல்லாவற்றையும் /டெவ்/நல் என்ற வெற்றிடத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்களா? ஸ்கிரிப்டை அப்படியே இங்கே போடுங்கள்.

வெள்ளவத்தை_எடிட்டர் | மு.ப. 10.33
ஆம், /டெவ்/நல். ஸ்கிரிப்டின் முக்கியமான பகுதி (பாதைகளைச் சுருக்கியிருக்கிறேன், எல், ஜி இரண்டும் பெரிய எழுத்து). வரிசையாக: வால்யூமை உருவாக்கும், அதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை அமைக்கும், ஓர் அடைவை (ஃபோல்டரை) உருவாக்கும், வால்யூமை அந்த அடைவில் மவுண்ட் செய்யும் (இணைக்கும்), /வரவில் உள்ள காட்சிகளை அதற்கு நகர்த்தும்:

எல்விகிரியேட் -எல் 400ஜி -என் $பெயர் விஜி_கல்யாணம்
எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்எஃப்எஸ் /டெவ்/விஜி_கல்யாணம்/$பெயர்
எம்கேடிர் -பி /வேலை/$பெயர்
மவுண்ட் /டெவ்/விஜி_கல்யாணம்/$பெயர் /வேலை/$பெயர்
ஆர்சிங்க் -ஏ --ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ் /வரவு/$பெயர்/ /வேலை/$பெயர்/

வேலை முடிந்து வாடிக்கையாளரிடம் கொடுத்த பிறகு அன்மவுண்ட் செய்து எல்விரிமூவ் கொடுத்துவிடுவேன். அந்த இடம் அடுத்த கல்யாணத்துக்கு.

பழைய_யூனிக்ஸ் | மு.ப. 10.41
400க்குப் பின்னால் பெரிய ஜி போட்டிருக்கிறீர்கள். எல்விஎம்மில் பெரிய ஜி என்றால் 1000 மடங்கு, சிறிய ஜி என்றால் 1024 மடங்கு. கணக்கு இடித்து இடமில்லாமல் போவது இங்கேதான். அடிப்படை.

தெகிவளை_தரவு | மு.ப. 10.52
மன்னிக்க வேண்டும் ஐயா, அது --யூனிட்ஸ் கொடுத்து அளவைக் காட்டச் சொல்லும்போது மட்டும். அளவை உள்ளே கொடுக்கும்போது பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, எல்லாம் 1024 அடிப்படைதான். எல்விகிரியேட் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

பழைய_யூனிக்ஸ் | மு.ப. 10.55
எந்தப் பதிப்பின் கையேடு?

தெகிவளை_தரவு | மு.ப. 10.57
அவருடைய உபுண்டுவில் உள்ளது.

யுபிஎஸ்_அண்ணா | மு.ப. 11.04
இந்த ஆயிரம், ஆயிரத்து இருபத்து நான்கு விவகாரம் கடைகளிலும் உண்டு. பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் 4 டெராபைட் டிஸ்க் வாங்கிய ஒருவர், கணினி 3.64 என்று காட்டுகிறதே, மிச்சம் எங்கே என்று கடைக்காரரோடு நின்று சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் பாவம், டிஸ்க் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பழைய_யூனிக்ஸ் | மு.ப. 11.10
டிஸ்க் தயாரிப்பாளர் 1000இல் எண்ணுகிறார், இயங்குதளம் 1024இல் எண்ணுகிறது. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? நான் சொன்னதும் அதுதான்.

தெகிவளை_தரவு | மு.ப. 11.12
நீங்கள் சொன்னது அதுவல்ல.

முனையம் | மு.ப. 11.20
ஜி சண்டையைச் சற்று நிறுத்தினால் நல்லது. பிரச்சினை ஸ்கிரிப்டின் முதல் வரியில் இருக்கிறது.

எல்விரிமூவ் ஒரு வால்யூமை நீக்கும்போது உள்ளே இருந்த பைட்டுகளை அழிப்பதில்லை. அந்த இடம் இனிமேல் காலி என்று குறித்துக்கொள்வதோடு சரி. பழைய எக்ஸ்எஃப்எஸ்ஸின் தலைப்பகுதி டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அடுத்த முறை எல்விகிரியேட் அதே இடத்திலிருந்து புதிய வால்யூமைத் தொடங்கினால், தொடக்கத்தில் ஒரு கோப்பு முறைமையின் கையொப்பம் (அடையாளக் குறி) இருப்பதைக் கண்டு, அழிக்கவா என்று கேட்கும். நீங்கள் முனையத்தில் உட்கார்ந்திருந்தால் ஒய் என்று தட்டிவிட்டுப் போவீர்கள். தட்டியது நினைவில்கூட இருக்காது. கிரானில் பதில் சொல்ல ஆள் இல்லை. உள்ளீடு முடிந்துவிட்டதைப் பார்த்ததும் எல்விகிரியேட் தானே "இல்லை" என்று எடுத்துக்கொண்டு, உருவாக்கிய வால்யூமையும் நீக்கிவிட்டு வெளியேறும்.

"மாதக்கணக்காக ஓடியது, இப்போது சில இரவுகளில்" என்பதற்கும் இதுதான் காரணம். டிஸ்க் புதிதாக இருந்தவரை கையொப்பமே இல்லை. இப்போது பழைய இடங்கள் மறுபடி பயன்பாட்டுக்கு வருகின்றன. தொடக்கம் பழைய வால்யூம் ஒன்றின் தொடக்கத்தோடு பொருந்தும் இரவில் தோற்கும், பொருந்தாத இரவில் ஓடும். எல்லா வால்யூமும் 400 என்பதால் அடிக்கடி பொருந்தும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இப்போதே பார்க்கலாம். எல்விகிரியேட் வரியை மட்டும் "சோதனை" என்ற பெயரில், அதே 400 அளவில், உள்ளீட்டை /டெவ்/நல்லில் இருந்து எடுக்கச் சொல்லி ஓட்டுங்கள். கிரான் எப்படி ஓட்டுமோ அப்படி ஓடும். வருவதை இங்கே போடுங்கள்.

பாதை_தெரியுது_பார் | மு.ப. 11.26
எதற்கும் பாத்தையும் ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

கொட்டாஞ்சேனை_குமிழ் | மு.ப. 11.28
பாத் என்றால் தினமும் தோற்றிருக்கும். அவர் முழுப் பாதை எழுதியிருப்பதாகவும் சொல்லிவிட்டார்.

வெள்ளவத்தை_எடிட்டர் | மு.ப. 11.47
வந்தது இது:

எச்சரிக்கை: /டெவ்/விஜி_கல்யாணம்/சோதனை மீது எக்ஸ்எஃப்எஸ் கையொப்பம், ஆஃப்செட் 0. அழிக்கவா? [ஒய்/என்]: [என்]
எக்ஸ்எஃப்எஸ் அழிப்பு கைவிடப்பட்டது.
புதிய வால்யூமின் தொடக்கத்தை அழிக்க முடியவில்லை.

முனையம் | மு.ப. 11.52
அதேதான். எல்விகிரியேட் வரியில் --யெஸ் --வைப்சிக்னேச்சர்ஸ் ஒய் இரண்டையும் சேருங்கள், கேட்காமலே கையொப்பத்தை அழித்துவிடும்.

நெட்டெழுத்து | மு.ப. 11.58
கையொப்பத்தைத் தேடவே வேண்டாம் என்று --வைப்சிக்னேச்சர்ஸ் என் கொடுத்தால் இன்னும் எளிது. எதற்கும் "ஆம்" சொல்ல வேண்டியதில்லை.

முனையம் | பி.ப. 12.03
அப்படிச் செய்தால் தொல்லை ஒரு வரி கீழே இறங்கும். எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்எஃப்எஸ் பழைய எக்ஸ்எஃப்எஸ் இருப்பதைப் பார்த்து, -எஃப் (கட்டாயப்படுத்து) இல்லாமல் மேலே எழுத மாட்டேன் என்று மறுக்கும். பிறகு அங்கே -எஃப் போடுவீர்கள். கையால் தவறான பெயரைக் கொடுத்தால் உயிரோடு இருக்கும் வால்யூமையும் அழிக்கக்கூடிய வரி அது. எல்விகிரியேட்டில் அந்த ஆபத்து குறைவு. அதே பெயரில் வால்யூம் ஏற்கெனவே இருந்தால் அது உருவாக்க மறுத்துவிடும். ஆகவே "ஆம்" சொல்வது அந்த ஒரு வரியில் மட்டும் இருக்கட்டும். எல்விரிமூவ் வரியில் --யெஸ் சேர்த்துவிடாதீர்கள்.

நெட்டெழுத்து | பி.ப. 12.06
சரி. அல்லது எல்விஎம்மின் அமைப்புக் கோப்பான எல்விஎம்.கான்ஃபில் இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் = 1 என்று மாற்றினால் நீக்கும்போதே எஸ்எஸ்டி துடைத்துவிடாதா?

முனையம் | பி.ப. 12.14
எஸ்எஸ்டியாக இருந்தால் பெரும்பாலும் துடைக்கும், ஆனால் அதை நம்பி ஸ்கிரிப்ட் எழுத முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. தவறுதலாக எல்விரிமூவ் கொடுத்துவிட்டால், /ஈடிசி/எல்விஎம்/ஆர்கைவில் உள்ள பழைய குறிப்பைக் கொண்டு விஜிகான்ஃபிக்ரெஸ்டோர் மூலம் வால்யூமை மீட்க ஒரு வாய்ப்பு உண்டு. டிஸ்கார்ட் (அந்தத் துடைப்பு) நடந்த பிறகு அந்த வாய்ப்பும் போய்விடும். கல்யாணக் காட்சிகளை மறுபடி படமெடுக்க முடியாது.

கொட்டாஞ்சேனை_குமிழ் | பி.ப. 12.20
அந்த ஸ்கிரிப்ட்டைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது. எல்விகிரியேட் தோற்ற பிறகும் அது நிற்காமல் கீழே போகிறது. எம்கேஎஃப்எஸ் தோற்கும், மவுண்ட் தோற்கும். ஆனால் எம்கேடிர் வெல்லும்! அதன்பின் ஆர்சிங்க் எங்கே எழுதும்? ரூட் கோப்பு முறைமையில், அதாவது இயங்குதளம் இருக்கும் பகுதியில், உள்ள சாதாரண அடைவில். அதோடு --ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ், அதாவது மூலத்தையும் அழித்துவிடும். எடிட்டர், காலையில் கையால் உருவாக்கும் வால்யூமில் காட்சிகள் இருக்கின்றனவா?

வெள்ளவத்தை_எடிட்டர் | பி.ப. 12.31
இல்லை. வால்யூம் காலியாகத்தான் இருக்கிறது. கடைசி கல்யாணத்தின் காட்சிகளை /வரவு அடைவிலும் காணவில்லை. அது வேறு பிரச்சினை, அதைத் தனி இழையில் கேட்கலாம் என்று இருந்தேன். டிஎஃப் (எவ்வளவு நிரம்பியது என்று காட்டுவது) கொடுத்தால் ரூட் 100 வீதம் என்கிறது, டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டுவது) கொடுத்தால் பாதிகூட வரவில்லை.

கொட்டாஞ்சேனை_குமிழ் | பி.ப. 12.34
ஒன்றையும் அழிக்க வேண்டாம். மறுதொடக்கமும் வேண்டாம். உங்கள் காட்சிகள் பத்திரமாக இருக்கின்றன. கட்டிலின் மேல் கட்டில் போட்டதுபோல, இரவில் நிரம்பிய அடைவின் மேல் காலையில் புது வால்யூமை மவுண்ட் செய்திருக்கிறீர்கள். அடியில் உள்ளது கண்ணுக்குத் தெரியாது, டியூவுக்கும் தெரியாது. டிஎஃப் மட்டும் உண்மையைச் சொல்கிறது.

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி என்று கொடுங்கள். மேலே மவுண்ட் ஆனவை இல்லாமல் வெறும் ரூட் மட்டும் அங்கே தெரியும். /எம்என்டி/வேலை/ உள்ளே போய்ப் பாருங்கள். இருந்தால் முதலில் வால்யூமுக்கு நகலெடுங்கள், -சி கொடுத்து ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று செக்சம் சரிபாருங்கள், அதற்குப் பிறகுதான் அடியில் உள்ளதை அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழைய_யூனிக்ஸ் | பி.ப. 12.45
கல்யாணத்துக்கு ஒரு வால்யூம் என்பதே வீண் வேலை. ஒரே எக்ஸ்எஃப்எஸ், உள்ளே கல்யாணத்துக்கு ஓர் அடைவு, புராஜெக்ட் கோட்டா வைத்து அளவைக் கட்டுப்படுத்தினால் இவ்வளவும் தேவையில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸை எஸ்ஜிஐ நிறுவனம் 1993இல் உருவாக்கியதே இப்படிப்பட்ட பெரிய வீடியோ கோப்புகளைக் கையாளுகிற ஆட்களுக்குத்தான்.

தெகிவளை_தரவு | பி.ப. 12.53
இதில் ஐயாவோடு உடன்படுகிறேன். எல்விஎம்மில் எக்ஸ்எஃப்எஸ் வைத்தால் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க முடியாது. 400 ஒதுக்கி 150 மட்டும் பயன்பட்டால் மிச்சம் முடங்கிக் கிடக்கும். கோட்டா என்றால் எண்ணை மாற்றினால் போதும்.

நெட்டெழுத்து | பி.ப. 1.02
தனி வால்யூம் என்றால் முடிந்ததும் ஒரே கட்டளையில் நீக்கிவிடலாம். லட்சக்கணக்கான கோப்புகளை ஆர்எம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பழைய_யூனிக்ஸ் | பி.ப. 1.05
கல்யாண வீடியோவில் லட்சம் கோப்பு எங்கிருந்து வந்தது? பெரிய கோப்புகள், சில நூறு இருக்கும். ஆர்எம் நொடியில் முடியும்.

நெட்டெழுத்து | பி.ப. 1.09
புகைப்படங்களும் உண்டு ஐயா. நம் ஊர்க் கல்யாணத்தில் கூறைப் புடவை மாற்றுவதற்குள் இரண்டாயிரம் எடுத்துவிடுகிறார்கள்.

யுபிஎஸ்_அண்ணா | பி.ப. 1.15
பொன்னுருக்கலிலிருந்து கணக்கு எடுங்கள்.

முனையம் | பி.ப. 1.30
எடிட்டருக்கு, இன்று மாலைக்குள் ஸ்கிரிப்டில் செய்ய வேண்டியவை. மேலே செட் -ஈ ஒன்று போடுங்கள். ஒரு வரி தோற்றால் அங்கேயே நிற்கும். ஆர்சிங்க்குக்கு முன்னால் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /வேலை/$பெயர் மூலம் அங்கே வால்யூம் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வெளியேறச் செய்யுங்கள். செட் -ஈ இருக்கிறதே என்று இதை விட்டுவிட வேண்டாம், நாளைக்கு யாராவது அந்த வரிகளை ஒரு இஃப்பின் நிபந்தனைக்குள் வைத்தால் அது வேலை செய்யாது. கிரான் வெளியீடு /டெவ்/நல்லுக்குப் போகாமல் ஒரு லாக் கோப்புக்குப் போகட்டும். எஃப்ஸ்டாபில் (சேர்வர் தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) இந்த வால்யூம்களை எழுதியிருந்தால் நோஃபெயில் சேருங்கள், இல்லையென்றால் நீக்கிய வால்யூமைத் தேடி சேர்வர் தொடங்கும்போது 90 வினாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போகும்.

கொட்டாஞ்சேனை_குமிழ் | பி.ப. 1.36
அடைவைச் சாட்டர் +ஐ கொடுத்துப் பூட்டிவிட்டால் மவுண்ட் இல்லாதபோது யாரும் எழுதவே முடியாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

முனையம் | பி.ப. 1.41
நிரந்தரமான அடைவென்றால் நல்ல வழி. இவர் ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக எம்கேடிர் செய்கிறார். பூட்டு எம்கேடிருக்கும் மவுண்டுக்கும் இடையில் வர வேண்டும், வேலை முடிந்து அடைவை நீக்கும்போது திறக்கவும் வேண்டும். அந்த வரி மறந்துபோகும்.

யுபிஎஸ்_அண்ணா | பி.ப. 3.20
தம்பி, காட்சிகள் கிடைத்தனவா?

வெள்ளவத்தை_எடிட்டர் | பி.ப. 6.48
கிடைத்தன. எல்லாம் /எம்என்டி/வேலை கீழே இருந்தன. நகலெடுத்துச் சரிபார்த்தாயிற்று, ரூட் 41 வீதத்துக்கு இறங்கிவிட்டது. --யெஸ் போட்டேன். குமிழ், முனையம் இருவருக்கும் நன்றி. காட்சிகள் வந்துவிட்டன, போகிறேன்.

முனையம் | பி.ப. 6.55
மவுண்ட்பாயிண்ட் வரியும் போட்டீர்களா?

பாதை_தெரியுது_பார் | பி.ப. 7.30
பாத்தையும் ஸ்கிரிப்டின் தலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முனையம் | புதன், மு.ப. 8.05
எடிட்டர்? மவுண்ட்பாயிண்ட் வரி?