நாற்பது தாண்டி குடும்பத்தோடு கனடா, ஆஸ்திரேலியா: பெங்களூரிலிருந்து கிளம்புபவர்களுக்கு

மாரத்தஹள்ளி வாசகர்:

இருபது வருஷ அனுபவம் இருக்கிறதே, அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். புள்ளி போட்டுத் தேர்ந்தெடுத்து நிரந்தர வசிப்புக்கு அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளி மூன்று வருஷத்தோடு நின்றுவிடும். வயதுக்கான புள்ளிதான் கரைந்துகொண்டே இருக்கும். துணையோடு விண்ணப்பித்தால் 29 வயது வரை 100. நாற்பதில் 45. அதன் பிறகு பிறந்தநாளுக்குப் பத்துப் பத்தாகப் போய் 44இல் 5, 45இல் பூஜ்யம்.

அதனால் முதன்மை விண்ணப்பதாரர் கணவர்தான் என்று பழக்கத்தில் எழுதிவிட வேண்டாம். கணவருக்கு 42 என்றால் வயதுக்கு 25. மனைவிக்கு 36 என்றால் 65. இருவருமே பட்ட மதிப்பீடும் (நம் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்ற சான்று) ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வும் முடித்துவிட்டு, இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: முதன்மை விண்ணப்பதாரருக்குக் கடைசி பத்து வருஷத்துக்குள் தொடர்ச்சியாக ஒரு வருஷமாவது திறன்சார் வேலை இருக்க வேண்டும். குழந்தைகளுக்காக நீண்ட இடைவெளி எடுத்த பெண்களுக்கு இங்கேதான் அடைபடும்.

ஆங்கிலத்தில் லிசனிங் 8, மற்ற மூன்றும் 7. இதற்குக் குறையக் கூடாது. முதுநிலைப் பட்டமும் மூன்று வருஷ அனுபவமும் உள்ளவர் லிசனிங்கில் மட்டும் 7.5 வாங்கினால், அந்த அரை பேண்டுக்காக மொத்தம் 57 புள்ளி போகிறது. மொழிப் புள்ளியோடு சேர்த்து, பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் மொழியால் கிடைக்கும் கூடுதல் புள்ளியும் பாதியாகிவிடுவதே காரணம். வயதில் இழந்ததை மீட்க இன்னொரு நல்ல வழி ஃபிரெஞ்சு. கனடாவின் மொழி அளவுகோலில் நான்கு திறனிலும் ஏழாம் நிலை எட்டினால், ஆங்கிலம் ஐந்தாம் நிலைக்குக் குறையாத பட்சத்தில், 50 கூடுதல் புள்ளி. ஃபிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்புச் சுற்றும் உண்டு. வசந்த் நகர் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜெயநகர் வாசகர்:

சார் சொன்னது சரி. புள்ளி வந்த பிறகு பெரும்பாலும் காகிதத்தில்தான் மாட்டுகிறது. விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தால் 60 நாள்தான் அவகாசம்.

நம் ஊர் கம்பெனிகள் கொடுக்கும் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும் மட்டும் இருக்கும். அது போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, செய்த வேலைகளின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாம் வேண்டும். எச்.ஆர். மறுத்தால், அல்லது கம்பெனியே இழுத்து மூடப்பட்டிருந்தால், அங்கே உங்களுக்கு மேலிருந்தவரிடம் முத்திரைத்தாளில் நோட்டரி உறுதிமொழி வாங்கி, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் சேர்த்து, லெட்டர் ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கக் கடிதமும் வையுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஓரெழுத்து, பட்டத்தில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள் என்று ஒரு அஃபிடவிட் போட்டு வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கும் இடம் காலியாக இருந்தால், பிறந்த ஊரில் பெயர் சேர்க்கும் வேலையை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்சைட் போனவர்கள் கவனிக்க: கனடாவுக்கு, கடைசி பத்து வருஷத்தில் ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். அமெரிக்கா என்றால் கைரேகையோடு எஃப்.பி.ஐ.க்குப் போக வேண்டும். அழைப்பு வரும் வரை காத்திருந்தால் அறுபது நாள் பறந்துவிடும்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்:

ஆஸ்திரேலியாவில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. எட்டு வருஷத்துக்கு 15 புள்ளி, கடைசி பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.டி. வேலைக்காரர்களின் தகுதியை எடைபோடும் ஏ.சி.எஸ். அமைப்பின் மதிப்பீட்டில் சில வருஷங்களைக் கழிப்பார்கள். சீனியர்களுக்கு அந்தக் கழிவு பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விழுவதால் கடைசி பத்து வருஷம் அப்படியே நிற்கும். வயதுக்கு 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 189, 190, 491 என்ற மூன்று விசாவுக்கும் 45ஆவது பிறந்தநாளுக்கு முன்பே அழைப்பு கைக்கு வந்தாக வேண்டும். விண்ணப்பித்த தேதி கணக்கில் வராது.

பெரிய பிள்ளைகள் உள்ளவர்களுக்கு: கனடா விண்ணப்பத்தில் உங்களோடு சேர்க்க, பிள்ளை 22 வயதுக்குள், திருமணமாகாதவராக இருக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் இருக்கும் வயதுதான் கணக்கு.

ஜெயநகர் வாசகர்:

மெடிக்கல் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் பி.பி.யும் பொதுவாகத் தடையில்லை. மறைக்காமல், சமீபத்திய எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டும் மாத்திரை விவரமும் எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் பழைய டி.பி. தழும்பு தெரிந்தால் மூன்று நாள் சளி மாதிரி கேட்பார்கள், அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மாதம் வரை ஆகும். 2025 ஆகஸ்ட் முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மெடிக்கல் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பமே போட முடியும் என்பதால், தழும்பு இருப்பது தெரிந்தவர்கள் முன்னதாகவே செய்துகொள்ளுங்கள்.

மாரத்தஹள்ளி வாசகர்:

பணக்கணக்கு விட்டுப்போனது. கனடாவுக்கு, நான்கு பேர் குடும்பம் 2025 ஜூலை நிலவரப்படி 28,362 கனடிய டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். ஃபிளாட்டின் மதிப்பு செல்லாது. வங்கி மேனேஜர் வழக்கமான பேலன்ஸ் சர்டிஃபிகேட் நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கணக்கு எண், கணக்கு தொடங்கிய தேதி, இப்போதைய இருப்பு, கடைசி ஆறு மாதச் சராசரி இருப்பு, நிலுவையில் உள்ள கடன் ஆகிய ஐந்தும் உள்ள வாசகத்தை டைப் செய்து கையோடு கொண்டு போங்கள். பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். கணவன் மனைவி தனித்தனியாக, அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால் வரம்பும் தனித்தனி. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம்.