புதுப்பிப்பு: சனிக்கிழமை விருந்து நடந்துவிட்டது

வெளிநாட்டில், இரண்டே அடுப்புள்ள சமையலறையில், பன்னிரண்டு நண்பர்களுக்கு நம் பண்டிகைச் சாப்பாட்டைத் தனியாகச் சமைக்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முடிந்தது. ஆனால் தனியாக இல்லை.

பண்டிகை இங்கே வேலை நாளில் வந்ததால் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். நீங்கள் சொன்னபடி, ஆறினாலும் ருசி கெடாதவற்றை முந்தின நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அளவில்தான் தடுமாறினேன். மூன்று மடங்கு சமைக்கும்போது தண்ணீரையும் மூன்று மடங்கு ஊற்றிவிட்டேன். பெரிய பாத்திரத்தில் அந்த விகிதத்துக்கு நீர் வற்றுவதில்லை. வற்றவைக்கவே ஒரு மணி நேரம் கூடுதலாகப் போயிற்று. உப்பைக் குறைவாகப் போட்டுப் பிறகு சேர்த்தது நல்லதாகிவிட்டது.

நண்பர்கள் முன்கூட்டியே வந்து நறுக்கினார்கள், கழுவினார்கள். யாருக்கு எது ஒவ்வாது என்று முதலிலேயே கேட்டிருந்ததால் பரிமாறும்போது பதற்றமில்லை. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் பிரித்துக் குளிரில் வைத்துவிட்டோம். பெரிய பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருந்து கெட்டுப்போகும்.

அம்மா வீடியோ அழைப்பில் வந்தபோது அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. மொழி தெரியாத என் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தட்டைத் தூக்கிக் காட்டினார்கள். "எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்களா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மொழிபெயர்த்தேன். அடுத்த மாதம் இன்னொரு தோழியின் ஊர்ப் பண்டிகை. நறுக்குவதற்கு நான் முதல் ஆளாகப் போகிறேன்.